அந்த ஓட்டைகளை அடைக்க வேண்டாம்

ராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு தம்பிக்குப் பூர்வீக வீடு பங்கில் வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், களத்தை ஒட்டி, 40 அடி நீளத்தில் ஒரு பழைய செங்கல் கட்டடம். ஊரில் அதைக் கிட்டங்கி, அதாவது கிடங்கு, என்கிறார்கள். மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் தோள் உயரத்துக்கு மேல் வைர வடிவத்தில் வரிசை வரிசையாக ஓட்டைகள். வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுகூட இல்லை. அடியில் 3 அடி உயரத்துக்குச் செங்கல் மாவாக உதிர்கிறது. கொத்தனார், "ஓட்டையை எல்லாம் அடைச்சு, சிமெண்ட் பூசி, கீழே டைல்ஸ் ஒட்டிரலாம்" என்கிறார். இதே மாதிரி ஓட்டைகளை அமெரிக்கப் பண்ணைக் கட்டடங்களின் படங்களில் தம்பி பார்த்திருக்கிறார். அதனால் மூன்று கேள்விகள் எழுதிக் கேட்டிருக்கிறார்: இதை வெள்ளைக்காரர்கள் கட்டினார்களா, உள்ளே என்ன வைத்திருப்பார்கள், கொத்தனார் சொல்வதைக் கேட்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேட்க வேண்டாம். ஆள் வந்து கலவை போடுவதற்கு முன் நிறுத்தி வையுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நீங்கள் படத்தில் பார்த்தவை அநேகமாகப் பென்சில்வேனியாவின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய மேரிலாந்திலும் இருப்பவை. பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஜெர்மானிய வழி வந்த குடியானவர்கள் கட்டியவை. உள்கூடு முழுக்க மரம், இரண்டு முனைச் சுவர்கள் மட்டும் செங்கல். அந்தச் சுவர்களில் ஆங்காங்கே செங்கல் வைக்காமல் விட்டு, கோதுமைக் கதிர்க் கட்டு, வைரம், மதுக்கிண்ணம் என்று உருவங்கள் வரும்படி செய்திருப்பார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த ஓட்டைகளுக்கு வேலை வேறு. உள்ளே கூரை வரை அடுக்குவது காய்ந்த புல். சரியாகக் காயாமல், நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரத்தோடு அடுக்கிவிட்டால், புல்லுக்குள் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும், சூடு ஏறும், வெளியேற வழியில்லாத சூடு கடைசியில் தானாகவே தீயாகும். மழைக்கும் பனிக்கும் நடுவில் அவசரமாகப் புல்லை உள்ளே சேர்க்கிற நாட்டில் இது பெரிய பயம். அதனால் சுவரே மூச்சு விடும்படி கட்டினார்கள். இத்தாலியில் போ நதிச் சமவெளியின் வைக்கோல் கொட்டில்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சுவர் முழுவதையும் செங்கல் சல்லடையாக்கியிருப்பார்கள். இங்கிலாந்தின் பழைய செங்கல் களஞ்சியங்களிலும் இதே வேலையைச் செய்யும் துளைகள் உண்டு.

ஆக, செங்கலை விட்டுவிட்டு ஓட்டை பண்ணுவது யாருக்கும் சொந்தமான வித்தை இல்லை. செங்கலும் காற்றும் இருக்கிற இடத்தில் எந்தக் கொத்தனார் கைக்கும் தானாக வரும். ஓட்டைகளைப் பார்த்து வெள்ளைக்காரர் பெயரை எழுதிவிட வேண்டாம். காலம் தெரிய வேண்டுமானால் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள் (சுவர் ஓட்டை இல்லை, கூரை ஓடு!). சீமை ஓடாக இருந்தால் அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பினர் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-இல், எனவே அந்தக் கூரை அதற்கு முந்தையது இல்லை. ஆனால் சுவர் முந்தையதாக இருக்கலாம். பனையோலைக் கூரையை இறக்கிவிட்டு ஓடு போட்ட கட்டடங்கள் நம் பக்கம் நிறைய.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். மேல்நாட்டுக் களஞ்சியம் ஏன் அத்தனை பெரியது, நம்முடையது ஏன் இத்தனை சின்னது என்று பலர் கேட்பார்கள். நாம் ஏழைகள், அவர்கள் பணக்காரர்கள் என்று ஒரு சுலபமான பதிலும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கிலாந்தில் கதிரடிப்பதே கட்டடத்துக்குள்தான். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள் வைத்து, கதிர் ஏற்றிய வண்டி ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறும். குளிர்காலம் முழுக்க நடுத்தளத்தில் வைத்துத் தட்டுவார்கள், இரண்டு கதவையும் திறந்து அந்தக் காற்றில் தூற்றுவார்கள். நமக்குத் தை, மாசியில் அறுப்பு. மேலே வெயில், கீழே களத்துமேடு, காற்றுக்குக் குறைவில்லை. காற்றைக் கதவு வைத்து உள்ளே கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. வைக்கோலோ படப்பாக வெளியிலேயே நிற்கிறது. நன்றாக வேய்ந்த படப்பில் பெய்யும் மழை ஓரமாக வழிந்து ஓடிவிடும், உள்ளே கை விட்டால் பொருபொருவென்று இருக்கும். கட்டடத்துக்கு மிஞ்சுவது தானியமும் சரக்கும்தான்.

அதில் நெல்லுக்கு வேண்டியது புல்லுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்குள் வரும்படி களத்தில் காயவைத்துவிட்டு, பிறகு காற்றுப் படாமல் மூடிவிட வேண்டும். வெளிக்காற்று நுழைந்தால் ஈரமும் நுழையும், அந்துப்பூச்சியும் நுழையும். நம் குலுக்கையைப் பாருங்கள்: மண்ணால் வனைந்து, மேல்வாயைச் சாணி பூசி மூடி, அடியில் ஒரு சின்ன வாய் வைத்து அதையும் துணியால் அடைத்திருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மரப் பத்தாயமும் மூடுவதில் அப்படியே. செங்கலில் இதைப் பெரிதாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் பாபநாசத்துக்குப் போக வேண்டும். (பாபநாசம் என்றால் தாமிரபரணிப் பாபநாசம் இல்லை, கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பாபநாசம்.) திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்து வட்டமான செங்கல் களஞ்சியம் நிற்கிறது, 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். பீகாரில், 1770 பஞ்சத்துக்குப் பிறகு ஜான் கார்ஸ்டின் என்ற ஆங்கிலேய அதிகாரி 1786-இல் கட்டி முடித்த கோல்கர் களஞ்சியம் உருவத்தில் இதற்கு அண்ணன்: உயரம் 29 மீட்டர், அடிச்சுவர் கனம் மட்டும் 3.6 மீட்டர். இரண்டும் வட்டம். கொட்டி வைத்த நெல் தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் நெட்டும். சதுரமாகக் கட்டினால் சுவர் நடுவில் பிதுங்கி மூலையில் வெடிக்கும். வட்டத்தில் அந்த நெட்டு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும்.

உங்கள் கட்டடம் நீள்சதுரம், சுவரில் ஓட்டை வேறு. நெல்லைக் கொட்டி வைக்க யாரும் இப்படிக் கட்டமாட்டார்கள். மூட்டையாக வந்து மூட்டையாகப் போகிற சரக்குக்கான இடம் இது. எந்தச் சரக்கு என்பதற்கு அந்த வடக்கும் கிழக்கும் தடயம். உங்கள் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை வாடைக் காற்றோடும் கொண்டலோடும் கடலிலிருந்து நேராக வந்து அடிக்கும். நம் மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான். அந்த இரண்டு பக்கமும் சுவரை முழுசாக வைத்துவிட்டார்கள். மேற்கும் தெற்கும் கச்சானும் சோழகமும் வருகிற பக்கம். உங்கள் தொண்டிக் கரைக்குக் கச்சான் நிலத்தின் மேலே வருவதால் காய்ந்த காற்று. (கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் கரை தெற்கே பார்த்திருப்பதால் அங்கே சோழகமே உப்பை அள்ளிக்கொண்டு வரும். அந்த ஊர்க் கணக்கு வேறு.) பங்குனி, சித்திரையில் உள்ளே வந்து, கச்சான் வீசும் மாதங்களைக் கடந்து விலை ஏறும் வரை கிடக்க வேண்டிய சரக்கு நம் பக்கம் எது? என் கணிப்பு மிளகாய். குண்டு மிளகாய் வற்றல், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அது. வற்றலுக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெயில் கூடாது, பட்டால் சிவப்பு வெளுத்து விலை போய்விடும். ஓட்டை சிறிதாக, மேலே இருந்தால் காற்று வரும், வெயில் மூட்டை மேல் விழாது. மூட்டை உருட்டுகிறவர்கள் நெடியில் தும்மிச் சாகாமலும் இருப்பார்கள். உறுதி செய்ய வேண்டுமானால் உட்சுவர்க் காரையில் மூட்டை உரசிய உயரத்தில் இருக்கும் கறையைப் பாருங்கள். கருப்பட்டியும் கூடவே இருந்திருக்கலாம். ஆனால் கருப்பட்டி காற்று ஈரத்தில் இளகும் என்பதால் அதை அடுப்புக்கு மேல் பரணில், புகையில் வைப்பதுதான் வழக்கம்.

ஓட்டைக்குள் ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். ஓட்டையின் அடிப்பக்கம் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தால், சாரல் உள்ளே வராமல் வெளியே வழிய வேண்டும் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, உதிர்கிற செங்கலுக்கு வருகிறேன். உண்மையான வில்லன் இங்கேதான். மழையோ கரையானோ இல்லை, உப்பு.

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். 75-க்குக் கீழே இறங்கினால் மறுபடி இறுகிப் படிகமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் 75-க்கு மேலே, வெயில் ஏறிய பிறகு காய்ந்த காற்றில் அதற்குக் கீழே. அதாவது செங்கலின் நுண்துளைக்குள் இருக்கிற உப்பு ராத்திரி கரைந்து, மத்தியானம் இறுகி, மறுபடி கரைந்து, மறுபடி இறுகி, வருஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை இதையே செய்கிறது. இறுகும் ஒவ்வொரு தடவையும் படிகம் துளைச் சுவரை நெட்டித் தள்ளும். சரியாக வேகாத செங்கலுக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது, மாவாகிவிடும்.

உப்பு எங்கிருந்து வந்தது? தரையடி நீர் உவர், அது திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி சுவரில் ஏறுகிறது. கடற்காற்று கொஞ்சம் கொண்டுவருகிறது. செங்கல் அறுத்த மண்ணே கடலோரத்து உவர் மண்ணாக இருந்திருக்கலாம். ஒரு பக்கம் மாட்டுத்தொழுவம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து வரும் வெடியுப்பு இதைவிடப் பொல்லாதது. பழைய காலத்தில் தொழுவச் சுவரைச் சுரண்டித்தான் வெடிமருந்துக்கு உப்பு எடுத்தார்கள்.

பழைய சுண்ணாம்புக் காரை இந்த உப்போடு சண்டை போடாது. நீர் அதன் வழியாக வெளியேறும், உப்பு காரையில் வந்து இறுகும், காரை உதிரும், செங்கல் பிழைக்கும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததை நாம் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உப்பு வந்து இறுகுவதற்கென்று சுவருக்கு வருஷத்துக்கு ஒரு புதுச் சட்டை போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சிமெண்ட் பூச்சு என்ன செய்யும்? நீரை வெளியே விடாது. நீர் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே போய் வெளியே வரும். டைல்ஸ் ஒட்டினால் இன்னும் மோசம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 1990-களின் கடைசியில் ஒரு உறவினர் வீட்டுக் கிட்டங்கிக்கு நானே நின்று சிமெண்ட் பூச வைத்தேன். இரண்டு வருஷம் பளபளவென்று இருந்தது, நானும் பெருமையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாவது மழைக்குப் பிறகு தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம். பூச்சைப் பெயர்த்தபோது பின்னால் செங்கல் இல்லை, சிவப்புப் பொடி இருந்தது. ஈரம் 3 அடியிலிருந்து 6 அடிக்கு ஏறியிருந்தது. அந்தச் சுவரை இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷத்தில் யாராவது கட்டட வேலை பற்றிப் பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் மண்வெட்டி எடுங்கள், கரண்டி அப்புறம். தெரு ரோடு ஒவ்வொரு தடவை போடும்போதும் அரை அடி உயர்ந்து, வெளித்தரை இப்போது கட்டடத்தின் பீடத்தை மூடியிருக்கும். சுவரைச் சுற்றி அந்த மண்ணை வெட்டி எடுத்துப் பீடத்தை வெளியே கொண்டுவந்து, தண்ணீர் விலகி ஓட வாய்க்கால் விடுங்கள். பாதி ஈரம் இதிலேயே போய்விடும். தோண்டும்போது அஸ்திவாரத்தில் வெள்ளையாக, துளைதுளையாகப் பவளப்பாறைக் கல் தென்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கீழக்கரை, பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பழைய சுவர்களில் அது சாதாரணம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளில் இன்றும் வெட்டவெளியில் பார்க்கலாம். இருக்கிற கல்லை அப்படியே விடுங்கள். புதிதாக யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

ஒரு கோடைக்காலம் முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பூத்து வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, சாக்கில் வாரி, தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டுங்கள். பிறகு, மாவாகிப்போன செங்கற்களை மட்டும் மாற்றுங்கள். ஒரேயடியாக 40 அடியையும் குடையக் கூடாது. 3 அடி மாற்றி, 3 அடி விட்டு, மாற்றியது இறுகிய பிறகு விட்டதற்கு வர வேண்டும். பழைய கல் சித்துக்கல்லாக, மெல்லிசாக இருந்தால் இப்போதைய கல் வரிசைக்குப் பொருந்தாது, அறுக்கச் சொல்லித்தான் வாங்க வேண்டும். (மெல்லிசுக்குக் காரணம் சூளை. கிடைத்த விறகில் நடு வரை வேக வேண்டுமே. இங்கிலாந்தில் 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு எண்ணிக்கைப்படி வரி போட்டார்கள். உடனே அங்கே கல் பருத்துப் போனது. மனுஷன் எங்கேயும் மனுஷன்தான்.) வாங்கும் கல்லை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து எடை பாருங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அந்தக் கல் வேண்டாம். மண் எங்கே எடுத்தது என்றும் சூளைக்காரரிடம் கேளுங்கள். கடலை விட்டுத் தள்ளிய கண்மாய் மண் என்றால் நல்லது.

கலவைக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் பொடி ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு. சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, குழியில் சில வாரமாவது ஊறவிட வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைக் கலப்பது வெறும் சம்பிரதாயம் இல்லை, இனிப்புச் சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும், கலவை குழைந்து வரும். ஆனால் கைக்கு வந்தபடி ஊற்றினால் இறுகவே இறுகாது. தண்ணீர்தான் முக்கியம்: உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரித்தால் அது கலவைக்கு ஆகாது. லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைப் பார்த்துக் கிணற்றுக்குப் போனால், உப்பை நாமே விலை கொடுத்துச் சுவரில் ஏற்றுகிற கதையாகிவிடும். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் தொடங்கிவிட்டால் காரை இறுகுவதற்கு முன்பே காய்ந்து வெடித்துவிடும். அப்போதும் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுப் பத்து நாளாவது ஈரம் காக்க வேண்டும்.

உட்பக்கம் பூசும் சுண்ணாம்புக் காரை சில வருஷத்தில் உப்புப் பூத்து உதிரும். பயப்பட வேண்டாம், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உப்பு சுவரைவிட்டு வெளியே வந்திருக்கும்.

கூரையில் பனங்கைகள், அதாவது பனைமரச் சட்டங்கள், இருக்கும். நடுவில் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வைரம் பாய்ந்த பனை சுலபத்தில் கெடாது, சுவருக்குள் புதைந்த முனைதான் ஈரத்தில் மக்கும். ஒரு கூரிய கம்பியால் முனையைக் குத்திப் பாருங்கள். மக்கியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, முனையைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுக் கட்டுங்கள். காற்றுப் பட்டால் போதும்.

ஓட்டைகளில் எலி, அணில் நுழைவதாகக் கொத்தனார் சொல்வது உண்மைதான். அதற்கு உட்பக்கமாகத் துருப்பிடிக்காத கம்பிவலை அடியுங்கள், சுவரைக் குடையாமல் மரச்சட்டத்தில் வைத்து. மேற்கு முகட்டுச் சுவரின் உச்சியில் ஒரு பெரிய வட்ட ஓட்டையும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் இந்த இடத்தில் ஓட்டை விடுவது கூகை வந்து போவதற்கு. எலி பிடிக்கச் சம்பளமில்லாத ஆள். நம் ஆட்கள் கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெடுத்து விரட்டுகிறவர்கள், எனவே உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்காக விட்டிருக்க மாட்டார், ஓட்டுக்கு அடியில் தேங்கும் வெக்கை வெளியேறத்தான் விட்டிருப்பார். அந்த ஒரு ஓட்டைக்கு மட்டும் வலை அடிக்காமல் இரண்டு வருஷம் விட்டுப் பாருங்கள். கண்மாய்க் கரைப் பனைகளில் கூகை இருந்தால் வந்து சேரும். அப்புறம் எலிக்கு மருந்து வைக்கக் கூடாது, மருந்து தின்ற எலியைத் தின்றால் அதுவும் செத்துவிடும்.